கழற்றிப் பூட்டும் கூரை

சென்ற வாரம் மாட்டு வண்டில்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைக் கேட்ட வெள்ளவத்தை நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஒழுங்கையில் ஒருவர் ஜீப் வைத்திருக்கிறாராம். மழையில்லாத நாட்களில் அதன் மேற்கூரையைப் பகுதி பகுதியாகக் கழற்றி மதிலோடு சாத்திவைப்பாராம். வானம் இருண்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடி பூட்டுவாராம். உள்ள கூரையை ஏன் கழற்றவேண்டும், கழற்றியதை ஏன் பூட்டவேண்டும், இதற்கும் ஒரு சரித்திரம் உண்டா, இலக்கிய நேரத்தில் இதைக் கேட்பது முறைதானா என்பவை அவருடைய கேள்விகள்.

தாராளமாகக் கேட்கலாம். வீட்டுக்குக் கூரை போட்ட மனிதன் அதை அசையாமல் நிறுத்திவிட்டான். வண்டிக்குக் கூரை போட்டபோதுதான் அவனுக்குச் சிக்கல் வந்தது. நிழல் வேண்டும், பார்வை மறையக்கூடாது. மழை படக்கூடாது, காற்று வரவேண்டும். ஒருநாள் ஆட்களை ஏற்றவேண்டும், மறுநாள் உயரமான மூட்டைகளை ஏற்றவேண்டும். இத்தனை ஆசைகளுக்கும் ஒருங்கே இடங்கொடுப்பது கழற்றிப் பூட்டக்கூடிய கூரைதான்.

ஆனால் அந்தக் கூரையை நம் நாட்டிலே யார், எப்போது, எதற்காகக் கழற்றினார்கள், யார் எதற்கு அஞ்சி மூடிக்கொண்டார்கள் என்று பார்த்தால், கடந்த எண்பது ஆண்டுச் சமூக வரலாற்றின் ஒரு பக்கம் அதிலே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்று உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன்.

தேரும் கூடார வண்டிலும்

பாதையில்லாத இடத்தில் ஓடும் வண்டி தமிழுக்குப் புதியதன்று. முல்லைத் திணைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் தேரேறி வருவது செப்பனிட்ட வீதியிலல்ல, கார்மழை நனைத்த காட்டுவழியிலே. அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாட்டொன்றில், பூவிலே துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சிக் கலையுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் ஒரு தலைவன். காட்டுக்குள் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சங்கப் புலவர் விதித்த ஒழுக்கம் அது. இன்று யால வனத்துக்குள் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் அந்தப் பாட்டை ஓதிக் காட்டலாம். பறம்பு மலைப் பாரியோ தன் தேரையே முல்லைக் கொடிக்கு விட்டுவந்தான். அந்தத் தேருக்கு அன்றிலிருந்து கொடியே கூரை!

நம் ஊர்களிலே கூடார வண்டில் இருந்தது. மூங்கிலையோ கம்பையோ வில்லாக வளைத்து, அதன்மேல் பாயையோ கிடுகையோ கட்டுவார்கள். அந்தக் கூடாரம் வண்டிலோடு பிறந்ததன்று. எருவும் நெல்லும் ஏற்றும் நாளில் அது மாட்டுக்கொட்டிலின் மூலையிலே சாய்ந்து கிடக்கும். கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும் நாளில் அதைத் தூக்கி வைத்துக் கயிற்றால் பிணைத்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றுவார்கள். ஒரே வண்டில் கூரை இல்லாதபோது உழைப்பாளி, கூரை ஏறியதும் விருந்தாளி.

கொழும்பிலே இன்னொரு கூரை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நடந்துவரும் ஆடிவேல் விழாவை நேயர்கள் அறிவீர்கள். கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம், காலி வீதி வழியே நகரின் தெற்குப் பக்கம் வந்து சேரும். இரதத்துக்கு மேலே விமானம் உண்டு, பக்கங்களில் மறைப்பில்லை. உள்ளே எழுந்தருளியிருப்பவரை வீதியோரத்தில் நிற்கும் கடைசி ஏழையும் காணவேண்டும் என்பதே காரணம். வண்டியின் கூரையில் இருவகை உண்டென்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்ப்பதற்காகத் திறப்பது ஒன்று. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்காகத் திறப்பது மற்றொன்று.

போர் தந்த வாகனம்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவர்களுக்கு அது உயிர்ப்புத் திருநாள். நகரத்து மக்கள் பலர் அன்றும் அடுத்த நாட்களிலும் பெட்டி படுக்கையோடு வெளியூர்களுக்குப் புறப்பட்டார்கள். நான்கு நாட்களின் பின் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கு, மாற்றிக்கொண்டார். நம் மக்களின் கண்ணிலே ஜீப் என்ற வாகனம் பரவலாகப் பட்டது இந்தப் போர்க்காலத்தில்தான்.

அந்த வாகனமோ அப்போது பிறந்து நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை. 1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய, பாரங்குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களிடம் கேட்டது. பான்டம் என்ற சிறு கம்பனி கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரை வைத்து, கொடுக்கப்பட்ட 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய பெரிய கம்பனிகள் அதைத் திருத்தி, போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பெயர் எப்படி வந்ததென்பதில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. 1936இல் பொப்பாய் சித்திரக் கதையிலே தோன்றிய, எங்கும் நுழைந்து வரக்கூடிய மாயப் பிராணி ஒன்றின் பெயரும் ஜீப்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஜீப்பின் கூரையைப் பாருங்கள். இரண்டு இரும்பு வில்கள், அவற்றின்மேல் ஒரு கான்வஸ் துணி, அவ்வளவுதான். கதவில்லை. துணியை அவிழ்த்து, வில்களைப் பின்னுக்கு மடித்து, முன்கண்ணாடியையும் எஞ்சின் மூடியின்மேல் சாய்த்துவிட்டால், ஏறத்தாழ ஆறடி உயர வண்டி நாலரை அடிக்குள் ஒடுங்கிவிடும். ஒடுங்கினால் புதருக்குள் மறைக்கலாம். மரப்பெட்டிக்குள் அடைத்துக் கப்பலேற்றலாம். எஞ்சினில்லாத கிளைடர் விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றி வானத்திலும் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையில்லாத வண்டியிலிருக்கும் படைவீரன் வானத்தில் வரும் விமானத்தை முதலில் காண்பான், ஆபத்தென்றால் எந்தப் பக்கமும் குதிப்பான். அவனுக்குக் கூரை என்பது மழைக்கால வசதி, அபாயக்காலத் தடை.

இந்த இடத்தில் ஓர் உறவைச் சொல்லவேண்டும். அதே தென்கிழக்காசியக் கட்டளை தனது படைவீரர்களுக்காகக் கொழும்பிலே ரேடியோ சீயாக் என்ற ஒலிபரப்பை நடத்தியது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோனாக வளர்ந்தது. நீங்கள் வீட்டிலிருந்து இந்த உரையைக் கேட்பதற்கான வழியும், உங்கள் ஒழுங்கையில் ஜீப் நிற்பதற்கான வழியும் ஒரே போரினால் திறக்கப்பட்டவை. ஆதலால் வானொலி இலக்கிய நேரத்தில் ஜீப்பைப் பற்றிப் பேசுவது உறவினரை நலம் விசாரிப்பது போலத்தான்.

மலைமேல் ஏறிய கூரை

போர் முடிந்ததும் ஜீப் சீருடையைக் கழற்றியது. இங்கிலாந்திலே ரோவர் கம்பனியின் மோரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டிப் பார்த்து, இது போன்ற ஒன்றை நாமே செய்யலாமே என்று எண்ணினார். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. உருக்குத் தட்டுப்பாடான காலமாகையால் உடம்பையெல்லாம் அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தார்கள். கூரைக்கு வேண்டியவர் கான்வஸ் வாங்கலாம், வேண்டியவர் உலோகக் கூரை வாங்கலாம். எதுவானாலும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரையும் பின்னர் வந்தது. ஒரு தகட்டின்மேல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு. மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும், கீழே இருப்பவர் தலை சுடாது.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கான்வஸ் மூடிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் டில்ட். அது குதிரை வண்டிகளின் துணிக்கூடாரத்துக்கு வழங்கிய பழஞ்சொல். மோட்டார் வந்த பின்னும் வண்டிக்காரன் சொல்லை அவர்கள் கைவிடவில்லை. நாமோ ஹூட் என்கிறோம். அதுவும் ஆங்கிலேய வழக்கே. ஹூட்டைத் திற என்று ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் அவர் எஞ்சின் மூடியைத் தூக்கிக் காட்டுவார். கூடாரம் என்ற நல்ல சொல் நம்மிடமிருக்க, ஜீப்போடு ஹூட் என்ற சொல்லையும் சேர்த்தே இறக்குமதி செய்துகொண்டோம்.

இந்த வாகனங்கள் மலையகத் தோட்டங்களிலே துரைமாரின் அடையாளங்களாயின. செங்குத்தான தேயிலை மலையிலே, கூனி வளையும் மண்பாதையிலே, வேறெது ஏறும்? கொழுந்து கிள்ளுபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கொண்டே வருவது பெரிய துரையா சின்னத் துரையா என்று அறிந்தார்கள். பனிமூட்டமும் சாரலும் நிறைந்த நாட்டில் துரை தம் வண்டியின் கூரையை வேண்டியபோது விரித்தார், வேண்டாதபோது மடித்தார். தொழிலாளியின் லயக் காம்பிராவின் தகரக் கூரையோ அவனுடையதன்று. ஒழுகினாலும் அவனாகக் கழற்றவோ மாற்றவோ முடியாது. லாண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் கணக்கைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. தலைக்குமேல் கழற்றிப் பூட்டும் கூரையுள்ளவருக்கும், தலைக்குமேல் தனக்கென்று கூரையே இல்லாதவருக்கும் இடையிலிருந்த தூரம் ஒரு தேயிலை மலையின் உயரம்தான். ஆனால் அதைக் கடக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

பட்டறையில் கற்ற பாடம்

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குக் கடுந்தடை இருந்தது. புதிய வாகனம் குதிரைக்கொம்பு. உள்ளதை வைத்து ஓட்டவேண்டிய அந்தக் காலம், கொழும்பின் பட்டறைகளை வளர்த்தது. மருதானைக்கு அருகிலே பஞ்சிகாவத்தையில், எந்த வண்டியின் எந்த உறுப்பையும் தேடி எடுக்கலாம் என்று பெயர். 1977இல் சந்தை திறந்த பின்பும் அந்தக் கைவண்ணம் மறையவில்லை. மிட்சுபிஷி நிறுவனம் 1953 முதல் 1998 வரை செய்துவந்த ஜீப்புகள் நம் நாட்டில் இன்றும் ஓடுகின்றன. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கூரையை அணிந்தவை.

கொட்டாஞ்சேனையில் ஹூட் தைக்கும் சிறு பட்டறையொன்றிலே நான் பல மாலைகள் உட்கார்ந்து கதைத்திருக்கிறேன். அந்த முதியவர் சொன்னவற்றையும் செய்துகாட்டியவற்றையும் என் சொல்லிலே தருகிறேன். பருத்திக் கான்வஸ் முதன்முறை நனையும்போது சுருங்கும். ஆகையால் அளவுக்குச் சற்றுத் தாராளம் விட்டுத்தான் வெட்டவேண்டும். நனைந்த நூல் பருத்து நெசவுக் கண்ணை அடைப்பதால்தான் மழை உள்ளே வராது. அந்த நேரத்தில் உள்ளிருந்து விரலால் துணியைத் தொட்டால், தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மடிப்போரமாக இற்றுப்போகும். துணியின் கண்ணிக்குப் பித்தளை வளையம் போடவேண்டும். இரும்பு போட்டால் கடற்காற்றில் ஓராண்டிலே துருவேறித் துணியைத் தின்னும்.

துணிக்குப் பதில் தகடோ பைபரோ வந்த பிறகு வேலையின் தன்மை மாறியது. வெள்ளவத்தை நேயரின் அயலவர் செய்வது இந்த வேலைதான். இதிலே கழற்றுவது பாதி நேரம்கூட இல்லை.

முதலில் மின்கம்பி ஏதும் கூரையோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு பலகையிலும் இடம் வலம், முன் பின் என்று அடையாளமிட வேண்டும். கழற்றும் போல்ட், நட், வாஷர்களை எந்த மூலையிலிருந்து வந்தனவோ அந்தந்த மூலைக்குத் தனித்தனித் தகர டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். ஒன்றின் துளையில் மற்றொன்று ஏறுவதுபோலத் தோன்றும், ஏறாது. வலோற்காரமாகத் திருகினால் புரி அழியும். கடலோர வெள்ளவத்தையிலே இன்னொரு தொல்லை. அலுமினியத் தகட்டிலே உருக்குப் போல்ட் இருக்கும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளைப் பொடி பூத்துப் போல்ட் இறுகிவிடும். முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் ஸ்பனரைத் தொடக்கூடாது.

பலகையைத் தனியே தூக்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் நேர்மேலே தூக்கவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கத்து றப்பர் கிழியும். தரையில் படுக்கவைத்தால் வளையும். பழைய ரயரின்மேலோ சாக்கின்மேலோ நிறுத்தி, நிழலிலே சாய்த்துவைக்க வேண்டும்.

பூட்டும்போதுதான் ஆளின் பொறுமை தெரியும். பழைய றப்பரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்து, எங்கும் மடிந்திருக்கிறதா என்று விரலோட்டிப் பார்க்கவேண்டும். பலகையை வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலே தளர்வாக ஏற்றவேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை ஒத்துவராது. எல்லாம் ஏறிய பின், மூலைக்கு எதிர்மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் றப்பர் நசுங்கி ஒழுக்குத்தான். கடைசியில் ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நீர் சொட்டும் இடம் ஒன்று, நுழைந்த இடம் வேறொன்று. முன்னால் நுழைந்த நீர் தகட்டின் விளிம்போடு ஊர்ந்து பின்னால் வந்து விழும். விழுந்த இடத்தைப் பூசிக்கொண்டிருப்பவன் ஆயுள் முழுவதும் பூசிக்கொண்டிருப்பான்.

இந்தக் கடைசி வரியை அவர் ஜீப்பைப் பற்றித்தான் சொன்னார். நம் நாட்டின் அரசியலுக்கும் அது பொருந்துமே என்று எனக்குத் தோன்றியது.

மூடிய காலம்

1983 ஜூலையின் கடைசி வாரத்தைக் கொழும்புத் தமிழர் எவரும் மறவார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளின் கூரைகள் எரிந்தன. வீதியிலே வாகனங்களை மறித்து, உள்ளே இருப்பவர் யாரென்று கேட்டு, தமிழரென்று கண்டால் அடித்தார்கள், வண்டியைக் கொளுத்தினார்கள். அந்த வாரத்திலே வண்டியின் கூரை எவரையும் காக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒலித்த கேள்விக்குச் சொல்லும் விடையும், அதைச் சொல்லும் உச்சரிப்புமே உயிரைத் தீர்மானித்தன. அன்றைக்குத் தம் வீட்டுக் கூரைக்குள் அயலவரை ஒளித்துவைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று.

பிறகு வந்த போர்க்காலத்தில் கூரைக்கு வேறொரு பொருள் வந்தது. திறந்த வாகனத்தில் துப்பாக்கியோடு நிற்பவர் எல்லாத் திசையும் பார்த்தார். மூடிய வாகனத்தில் செல்லும் சாதாரண மனிதர் எல்லாச் சோதனைச் சாவடியிலும் பார்க்கப்பட்டார். 1996 ஜனவரி 31ஆம் திகதி வெடிமருந்து நிறைந்த லொறியொன்று மத்திய வங்கியைத் தகர்த்த பின், தறப்பாள் மூடிய ஒவ்வொரு வண்டியும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. மரக்கறி ஏற்றிவந்தவரும் தறப்பாளை அவிழ்த்துக் காட்டவேண்டும், காட்டிய பின் மழையிலே நின்று மீண்டும் கட்டவேண்டும். விரும்பிக் கழற்றிப் பூட்டுவது ஒன்று, கட்டளைக்குக் கழற்றிப் பூட்டுவது வேறொன்று. கை செய்யும் வேலை ஒன்றாயினும் மனம் படும் பாடு ஒன்றாகாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1963 நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரிலே வெயில் எறித்ததால், ஜனாதிபதி கென்னடியின் காரிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை கழற்றப்பட்டிருந்தது. மக்கள் தம்மைப் பார்க்கவேண்டுமென்று திறந்த வண்டியிலே சென்றவரை ஒருவன் குறிபார்த்தான். அந்தக் கூரை குண்டு துளைக்காததும் அன்று. 1981 மே 13ஆம் திகதி வத்திக்கானில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் சுடப்பட்டபோது அவர் நின்றதும் கூரையில்லாத ஒரு வண்டியில்தான். அது ஃபியட் கம்பெனோலா என்ற, ஜீப்பின் இத்தாலிய உறவு. அதன்பின் பாப்பரசர்களின் வாகனத்துக்குக் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு வந்தது. உலகத்தில் நம்பிக்கை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கூரை தடிக்கிறது.

மறுபடியும் திறந்தபோது

நேயர்களே, போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், 2015 ஜனவரி 13ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கட்டுநாயக்காவில் வந்திறங்கினார். கண்ணாடிக் கூண்டில்லாத திறந்த வாகனத்திலே, கொதிக்கும் வெயிலிலே, கொழும்பு வரை வந்தார். வழிநெடுக மக்கள். தாமதம் மிகுந்ததால் அன்றைய நிகழ்ச்சி ஒன்றையே கைவிட நேர்ந்தது. மறுநாள் காலிமுகத் திடலிலே யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். கொங்கணி பேசும் கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இந்நாட்டுக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, இரு இனத்தவருக்கும் பணிசெய்த அந்தத் துறவியை இங்குள்ள கத்தோலிக்கர் இனம் கடந்து போற்றுகிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து அதிகாலையிலே நடந்துபோன தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் திரும்பிவந்து அதிகம் சொன்னது பூசையைப் பற்றியன்று, அவரைக் கண்ணால் கண்டதைப் பற்றித்தான். வேல் இரதத்தின் திறந்த பக்கங்களைப் பற்றி முன்னர் சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது.

இன்று கழற்றும் கூரை பெரும்பாலும் மகிழ்ச்சிக்குரியது. யாலவிலும் மின்னேரியாவிலும் யானை பார்க்கச் செல்லும் ஜீப்புகளுக்குப் பக்கமெல்லாம் திறப்பு. அமெரிக்க ஜீப்பில் 1976ஆம் ஆண்டின் சீ.ஜே. 7 வகைக்குக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கூரையை விருப்பப் பொருளாகக் கொடுத்தார்கள். 2006இல் வந்த ராங்லர் வகையில் அது மூன்று துண்டாயிற்று. முன்னாசனங்களுக்கு மேலேயுள்ள இரண்டு பலகைகளை உள்ளிருந்தபடி கொளுக்கியைத் தளர்த்தித் திருகுபிடியைத் திருப்பி, கருவியேதுமின்றி எடுக்கலாம். பின்பகுதிக்கு நட்சத்திர முனைத் திருகியும், பின்கண்ணாடித் துடைப்பானின் கம்பியையும் நீர்க்குழாயையும் பிரிக்கும் கவனமும், துணைக்கு இன்னொரு ஆளும் வேண்டும். ஆயினும் 2020 மார்ச் முதல் 2025 வரை நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, மறுபடியும் பழைய ஜீப்புகளுக்கே மவுசு வந்தது. மறுபடியும் கொழும்பிலே யாரோ ஒருவர் கான்வஸை அளந்து வெட்டினார், யாரோ ஒருவர் பழைய பலகைக்குப் புது றப்பர் தேடினார்.

ஆகவே, வெள்ளவத்தை நேயருக்கு என் பதில் இது. உங்கள் அயலவர் கூரையைக் கழற்றுவது வீண்வேலையன்று. போர்வீரன் எதிரியைப் பார்க்கக் கழற்றினான், துரை காற்று வாங்கக் கழற்றினார், சோதனைச் சாவடியிலே நம்மவர் கட்டளைக்குக் கழற்றினார்கள். வானம் வெளித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, எவரையும் கேளாமல், எவருக்கும் அஞ்சாமல், காலி வீதியிலே கூரையில்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் போய்வருவது இந்நகரில் எல்லாக் காலத்திலும் இயன்ற காரியமன்று. கழற்றுவதற்கு ஸ்பனர் போதும். கழற்றிவிட்டு வீதியில் இறங்க, ஊரிலே நம்பிக்கை வேண்டும்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுத்தான் அவர் பூட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது மிகவும் நல்லது. எந்தப் போல்ட் எந்த மூலைக்குரியது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.